மூணு தடவ மனு குடுத்தாச்சு
கடலூர்ல எங்க கடலோரத்துல போர் போட்டா உப்புத்தண்ணிதான் வருது, பருப்பு கூட வேகாது. குழாய்ல நல்ல தண்ணி வர்றதே விடிகாலைலதான், அந்த நேரம் பாத்து அம்மா துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போவணும், எதத்தான் பாக்குறது அவங்க? தெரு லைட்டு எரியலன்னு மூணு தடவ மனு குடுத்தாச்சு, இருட்டுல கூடையோட போறவங்க இடறி விழுறாங்க. மனசு ஆறவே மாட்டேங்குது எனக்கு, மீன் விக்கிற எடத்துல பொம்பளைங்களுக்கு ஒரு கழிவறை கூட இல்ல, அதுக்காகவே மத்தியானம் வரைக்கும் வாயில தண்ணி படாம வெயில்ல உக்காந்திருக்காங்க. 2004 சுனாமி, 2011 தானே புயல் ரெண்டையும் தாங்குன சனங்க. மீன்பிடி தடைக்காலம் 61 நாளு விசைப்படகெல்லாம் கரையில சும்மாதானே நிக்குது, அப்பவாச்சும் அந்தக் கழிவறைய கட்டிக் குடுத்திருக்கலாம்ல?