மலைன்னா அப்படித்தானுங்க

கோத்தகிரியில் டர்போ வண்டி, அதாவது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வண்டி இழுக்கவில்லை என்று கீழே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடும்: "மலைன்னா அப்படித்தானுங்க, மேல காத்து கம்மி." அது உண்மையா என்று அளந்து காட்டும் பூஸ்ட் கேஜைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு தடவை சொன்னார்கள். போன வருடம் ஆடி மாதம், அம்மாவைக் கோவையில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர், மழை, குஞ்சப்பனை தாண்டியதும் மூடுபனி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி நகர மறுத்தது. பின்னால் பஸ். கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பஸ்ஸின் லைட் வெளிச்சத்தில் என் வண்டியின் கரும்புகை. அம்மா எதுவும் பேசாமல் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

மறுநாள் சர்வீஸுக்கு விட்டேன். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, சமதளத்தில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தந்தார்கள். மலை ஏறினால் அதே கதை. திரும்பப் போனால் அதே வசனம்.

அந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது நம்மை வாயடைக்க வைக்கிறது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் குறைவு, சுமார் 0.77 பார்தான் (பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு, கடற்கரையில் அது ஏறக்குறைய 1). டர்போ இல்லாத வண்டிக்கு அந்த அளவு சக்தி போகத்தான் செய்யும். ஆனால் டர்போவின் வேலையே காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதானே? 1918இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் விமான இன்ஜினில் டர்போவை மாட்டிச் சோதித்துப் பார்த்தது ஒரு மலையுச்சியில்தான். அமெரிக்காவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக். காற்று மெலிந்த இடத்திலும் இன்ஜின் சக்தியை இழக்காது என்று காட்டுவதற்காகவே அங்கே ஏற்றினார். அப்படிப்பட்ட சாதனத்தை வைத்துக்கொண்டு மலையைக் குற்றம் சொன்னால் எப்படி?

மலை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, பழுது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? இதைப் பிரித்துக் காட்ட ஒரு முள் வேண்டும். அதுதான் பூஸ்ட் கேஜ். டர்போ அமுக்கும் காற்று, வெளிக்காற்றைவிட எத்தனை பார் கூடுதலாக இருக்கிறது என்று அது காட்டும். வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். இன்ஜின் ஆஃபில் இருந்தால் மேட்டுப்பாளையத்திலும் பூஜ்யம், தொட்டபெட்டாவிலும் பூஜ்யம். என் வண்டி பழைய ரக டீசல். டர்போவின் அழுத்தம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் வேஸ்ட்கேட் என்ற கதவு வெறும் ஸ்பிரிங்கில் வேலை செய்வது. அதனால் கீழே 0.9 காட்டினால் மேலேயும் 0.9 பக்கம்தான் காட்ட வேண்டும். உள்ளே போகும் மொத்தக் காற்று மேலே கொஞ்சம் குறைவு, மலை எடுத்துக்கொள்வது அவ்வளவுதான். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கூட்டிக் குறைக்கும். உயரத்தில் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றிவிடாமல் சில வண்டிகள் பூஸ்ட்டையே குறைத்துவிடும். அதனால் என் எண்ணை உங்கள் வண்டிக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

நண்பர் ஒருவரிடம் இதே மாடல் வண்டி, கேஜோடு இருந்தது. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு நேர் ஏற்றம், மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம், முழு மிதி: அவருக்கு 0.9. நான் கேஜ் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் அதே மாதிரி ஏறினேன். 0.5ஐத் தாண்டவில்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே மலை, ஒரே காற்றுதான்.

அப்புறம் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் பிளந்திருந்தது. நின்றபடி ஓடும்போது உள்ளே அழுத்தம் இல்லை, பிளவு மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது மட்டும் வாய் திறந்து காற்று வெளியே போகும். காற்றுப் போதாமல் டீசல் முழுக்க எரியாததால்தான் அந்தக் கரும்புகை. சமதளத்தில் பாரமில்லாத வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமலே பதில் சொன்னார்கள், அதுதான் என் வருத்தம். ஐந்து உயிரோடு வளைவில் நின்றது நான்.

அதனால் சொல்கிறேன், மலையில் டர்போ வண்டி ஓட்டும் எல்லாரும் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டுங்கள். எனக்குக் கூலியோடு நாலாயிரத்துக்குள் முடிந்தது. ஆனால் மாட்டும் விதத்தில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் விஷயம் பிரேக். கேஜுக்கு ஒரு கிளை பிரிக்கும் டீ ஜாயின்ட் போட வேண்டியது இன்டர்கூலரைத் தாண்டி இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்க்குள் போகும் பாதையில். டீசல் வண்டியில் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பிலிருந்து, பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு ஒரு ட்யூப் போகும். கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால் அவசரக்காரர்கள் அதில் டீ போட்டுவிடுகிறார்கள். அதில் கேஜ் பூஸ்ட்டைக் காட்டாது. அந்த இணைப்பு கழன்றால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். அரவேணுவிலிருந்து கீழே இறங்கும்போது அப்படி ஆனால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். மெக்கானிக் எந்த ட்யூபை அறுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "அண்ணா, இது எங்க போகுது?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இரண்டாவது, கேஜ் இருக்கும் இடம். கடைகளில் முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் கேஜை மாட்டும் கிண்ணம் தருவார்கள். பார்க்க அழகுதான். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். வலது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மேலேயிருந்து இறங்கும் பஸ் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் வரும். ஏற்கெனவே மறைக்கிற தூணை இன்னும் தடிமனாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரிவதற்கும் இடைஞ்சல். நான் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டாஷ்போர்டின் தாழ்வான இடத்தில் வைத்திருக்கிறேன்.

மற்றபடி, ட்யூபை டர்போவின் சூட்டுக்கு எட்டாமல், மடங்காமல், ஏற்கெனவே வயர் நுழையும் ரப்பர் புஷ் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். காலடியில் பெடல் பக்கம் தொங்க விடாதீர்கள். இணைப்புகளைக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் அழுத்தத்தில் கழன்றுவிடும். லைட்டுக்கான வயரில் தனி ஃபியூஸ். வாரண்டி இருக்கும் வண்டியில் ட்யூபை வெட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்கள் வாக்குவம் பக்கமும், அதாவது பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும் கேஜாக வாங்குங்கள். இன்ஜின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போது அந்த வாக்குவத்தை மலையில் குறைவாகத்தான் காட்டும், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் (பாதரச அளவில்) குறையும். பயப்பட வேண்டாம்.

எதையும் வெட்ட வேண்டாம் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணையும் ஓபிடி கருவியும் செல்போனும் போதும். ஆனால் சில செயலிகள் எல்லா ஊரையும் கடற்கரை என்றே நினைத்துக் கணக்குப் போடும். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கோத்தகிரியில் பூஜ்யத்துக்குப் பதில் மைனஸ் 0.2 காட்டினால், அது நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. மூன்றாவது கியரில் வளைவுக்குள் போய் ஆர்பிஎம் 1,500க்குக் கீழே விழுந்தால் முள் அசைவதே இல்லை, எவ்வளவு மிதித்தாலும். இப்போது வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு மாற்றிவிடுகிறேன், முள் உடனே எழுகிறது, புகையும் இல்லை. இருபது வருடம் இந்த ரோட்டில் ஓட்டியும் இதைக் காதை மட்டும் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஏற்கெனவே கேஜ் இருப்பவர்கள், வண்டி நன்றாக இருக்கும்போதே நீங்கள் தினமும் ஏறும் ஓர் ஏற்றத்தில் கியர், ஆர்பிஎம், முள் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன மாடல், எந்த ஏற்றம் என்று இங்கேயும் எழுதுங்கள், அதே வண்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும். புதிதாக மாட்டப் போகிறவர்கள் ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுவந்தால், டீ எந்த ட்யூபில் போடலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.