அளவுக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள், யாருடைய அளவு?

எங்காவது ஓர் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால், ரெண்டு மூணு நாளில் ஓர் அறிக்கை வந்துவிடும். தண்ணீரைச் சோதித்துவிட்டோம், ஈயம் இவ்வளவு, பாதரசம் இவ்வளவு, அமிலத்தன்மை இவ்வளவு, எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று. உடனே ஒரு கூட்டம் ‘காசு வாங்கிக்கொண்டு எழுதிவிட்டார்கள்’ என்று கத்தும், இன்னொரு கூட்டம் ‘ஆய்வகமே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன’ என்று வாயை அடைக்கப் பார்க்கும். ரெண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அறிக்கை பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கலாம், மீன்கள் அதே தண்ணீரால் செத்தும் இருக்கலாம். பட்டியலில் எதைத் தேடினார்களோ அதைத்தான் கருவி சொல்லும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்வது அதில் வாழ்கிற உயிர்தான், அதைக் கேட்காமல் வெறும் வேதியியல் எண்களை வைத்துக்கொண்டு ‘பாதுகாப்பானது’ என்று சொல்வதை நிறுத்த வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில், இந்த ‘அளவு’ எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். உலகம் முழுக்க நடக்கும் அடிப்படைச் சோதனைகளில் ஒன்று டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளை வைத்துச் செய்வது. சில மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி, நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதே தெரியும். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொரு குவளையிலும் ஐந்து ஐந்தாக, ஓர் அடர்த்திக்கு நான்கு குவளை என்று விடுவார்கள். வேதிப்பொருளின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டி ஐந்து வரிசையாவது வைப்பார்கள், கூடவே எதுவும் கலக்காத தண்ணீரில் ஒரு வரிசை. 48 மணி நேரம் கழித்துக் குவளையை லேசாக அசைத்துவிட்டு 15 வினாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாதது ‘அசைவிழந்தது’ என்று கணக்கில் ஏறும். பாதி குஞ்சுகள் அசைவிழக்கும் அடர்த்தி எது என்று வரைபடம் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். மீன் என்றால் 96 மணி நேரம், பாதி சாகும் அடர்த்தி. கையில் வேறு தரவு இல்லாதபோது, கிடைத்ததிலேயே குறைவான எண்ணை ஆயிரத்தால் வகுத்து, இதற்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பாதிப்பு இருக்காது என்று வைத்துக்கொள்வார்கள்.

இதில் மோசடி எதுவும் இல்லை. நிதானமாக, ஒழுங்காகச் செய்கிற வேலை. ஆனால் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஒரு பொருள், இந்த ஓர் உயிரினத்தை, இவ்வளவு நேரத்தில் முடக்குகிறதா என்பது. இதை எடுத்துக்கொண்டு போய் ஒரு முழு ஆற்றுக்கும் பொருத்துகிறபோதுதான் வம்பு.

ஏனென்றால் சாவது என்பது ரொம்பத் தாமதமான அறிகுறி. கப்பல்களின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல்டின் என்ற வேதிப்பொருள் கலந்த பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடலோரப் பாறைகளில் வாழும் ஒரு வகை நத்தையில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றிரண்டு நானோகிராம் இருந்தாலே போதும், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர ஆரம்பித்துவிட்டது. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கொஞ்சம் அதிகமானால் முட்டை வெளியே வரும் வழியே அடைத்துக்கொள்ளும். நத்தை உயிரோடுதான் இருக்கும், நன்றாகவே தின்னும், ஆனால் அடுத்த தலைமுறை கிடையாது. பெண் நத்தைகளில் அந்த உறுப்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்தே எந்தத் துறைமுகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம், அதற்கென்றே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பெயின்ட்டைத் தடைசெய்ய 2001இல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது, அமலுக்கு வர 2008 ஆனது. 

கனடாவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் ஒன்றில் 2001 முதல் மூன்று கோடைகாலம், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை (பெண் ஹார்மோன்) லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி கலந்து பார்த்தார்கள். வழக்கமாகப் பெண் மீன்கள் மட்டுமே முட்டைக்காக உற்பத்தி செய்யும் புரதத்தை ஆண் மீன்களும் உற்பத்தி செய்ய ஆரம்பித்தன. ஆண்களின் விந்தகம் சரியாக வளரவில்லை. சில வருடத்தில் ஒரு சின்ன மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போனது (கலப்பதை நிறுத்திய பிறகு மெல்ல மீண்டது, அதுவும் உண்மை). 96 மணி நேரச் சோதனையில் இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

தண்ணீரை மட்டும் அளப்பதில் இன்னொரு கோளாறு. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் பூச்சிகளை ஒழிக்க 1949, 1954, 1957 என்று மூன்று முறை டிடிடி (DDD) என்கிற மருந்தைக் கலந்தார்கள், கொசுவுக்கு அடிக்கும் பழைய மருந்தான டிடிடிக்கு (DDT) இது தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். முக்குளிப்பான் பறவைகள் செத்து விழுந்தபோது அவற்றின் கொழுப்பை எடுத்துச் சோதித்தார்கள், பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தது. மிதவை உயிர்கள், சின்ன மீன், பெரிய மீன், பறவை என்று ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. தண்ணீர் அறிக்கை மட்டும் கையில் இருந்திருந்தால் ‘மிகக் குறைவு’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எந்த உயிருக்கு என்ற கேள்வி இருக்கிறதே, அதில்தான் பெரிய அடி வாங்கியிருக்கிறோம். டைக்ளோஃபெனாக்கை மனிதர்கள் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்கிறோம், மாட்டுக்கும் ஊசி போட்டார்கள், மாடு தேறியது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துபோனது. தெற்காசியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவைகள் பத்து பதினைந்து வருடத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயின. காரணம் 2004இல்தான் தெரிந்தது. சடலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மாட்டிலும் மனிதனிலும் சோதித்து வந்த எந்த எண்ணும் கழுகுக்காகப் பேசவில்லை.

எனக்கு மறக்கவே முடியாத கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பக்கத்து ஓடைகளில் நடந்ததுதான். கடலிலிருந்து முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் கலந்ததும் வாயைப் பிளந்துகொண்டு, துடுப்புகள் விரிந்து விறைத்து, மேல்மட்டத்திலேயே வட்டமடித்துச் சில மணி நேரத்தில் சாகும். வயிறு நிறைய முட்டை அப்படியே இருக்கும். நோயா என்று பார்த்தார்கள், ஆக்சிஜன், வெப்பம், பூச்சிமருந்து, உலோகம் என்று வழக்கமான பட்டியல் முழுக்கப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. சாலைத் தண்ணீரில் இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்க் கழிவுகளையும் அதே அளவில் ஆய்வகத்தில் கலந்து மீனை விட்டார்கள், மீன் சாகவில்லை. நிஜ சாலைத் தண்ணீரில் விட்டால் செத்தது. அதே தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்துவிட்டு விட்டால் பிழைத்தது. அதாவது விஷம் எது என்று ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே, விஷம் இருக்கிறது, அதை இப்படி வடிகட்டலாம் என்று மீன் சொல்லிவிட்டது.

அப்புறம் சந்தேகம் டயர் மேல் விழுந்தது. டயர் துகள்களை ஊறவைத்த தண்ணீரில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் மீனை விட்டுப் பார்ப்பது, எந்தப் பகுதியில் சாகிறதோ அதை மட்டும் மறுபடி பிரிப்பது, மறுபடி மீன். இப்படியே போய் 2020 டிசம்பரில் ஒரே ஒரு பொருளில் வந்து நின்றார்கள். டயர் வெடிப்பு விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு சேரும்போது உருவாகும் குயினோன் என்ற வகை வேதிப்பொருள் அது. யாரும் தயாரிக்காத, அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். பின்னர் திருத்திய கணக்குப்படி லிட்டருக்கு சுமார் 95 நானோகிராம் இருந்தாலே கோஹோவில் பாதி செத்துவிடும். அதே இனக்குடும்பத்து சம் சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்னொரு ஆய்வில் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான வரிக்குதிரை மீனையும் நம் டாஃப்னியாவையும் விட்டுப் பார்த்தார்கள், தண்ணீரில் கரையும் உச்ச அளவிலும் சாகவில்லை. மேலே சொன்ன குவளைச் சோதனையை எவ்வளவு நேர்மையாகச் செய்திருந்தாலும் இந்தப் பொருள் பாஸ் ஆகியிருக்கும்!

இத்தனைக்கும் இவை எல்லாம் தனித்தனிப் பொருளின் கதை. உலகச் சந்தையில் பதிவான வேதிப்பொருள்களும் கலவைகளும் மூன்றரை லட்சத்துக்கு மேல். தனியாக எந்த விளைவும் காட்டாத அளவில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்யும் எட்டுப் பொருள்களை ஒன்றாகக் கலந்தால் விளைவு தெளிவாகத் தெரிகிறது என்று 2002லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். எட்டும் ‘அளவுக்குள்’தான்.

சரி, அதற்காக எந்தப் பொருளின் பெயரைக் கேட்டாலும் விஷம் விஷம் என்று பதறுவதையும் நான் ஏற்கவில்லை. இன்றைய கருவிகள் நானோகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துவிடும், பிடிபட்டது என்பதே பாதிப்பு ஆகாது. ‘கண்டறியப்படவில்லை’ என்றால் இல்லை என்று அர்த்தமும் ஆகாது, அந்தக் கருவியின் பார்வைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

உயிரிடம் கேட்கும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. போலந்தின் வார்சா நகரத்தின் குடிநீர் நிலையத்தில் எட்டு சிப்பிகளின் ஓட்டில் சின்ன உணர்கருவியை ஒட்டி ஆற்றுத் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக வாயைத் திறந்து நீரை வடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் பிடிக்காவிட்டால் டப்பென்று மூடிக்கொள்ளும், பல சிப்பிகள் ஒன்றாக மூடினால் அலாரம். என்ன கலந்தது என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம். மீனைக் கொன்று அளப்பது கொடுமைதானே என்று கேட்பவர்களுக்கு, ஆமாம், கொடுமைதான். அதனால்தான் மீன் கருக்களையும், மீன் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த செல்களையும் வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு இப்போது சர்வதேச வழிகாட்டி நெறிகள் வந்திருக்கின்றன.

கனடாவில் காகித ஆலைக் கழிவுநீரை ஒரு துளி தண்ணீர் கலக்காமல் அப்படியே எடுத்து டிரவுட் மீனை 96 மணி நேரம் அதில் விட வேண்டும், பாதிக்கு மேல் செத்தால் ஆலை விதியை மீறியது என்று அர்த்தம். அதோடு விடவில்லை. ஆலைக்குக் கீழே ஆற்றில் வாழும் மீன்களைப் பிடித்து ஈரலையும் இனப்பெருக்க உறுப்பையும் எடைபோட்டு, மேலே வாழும் மீன்களோடு ஒப்பிட வேண்டும். சாகடிக்கும் சோதனையில் தேறிய ஆலைகளுக்குக் கீழேயும் மீன்களின் இனப்பெருக்க உறுப்பு சிறுத்திருப்பது இப்படித்தான் வெளியே வந்தது. இதற்கெல்லாம் செலவு யார் செய்வது என்று கேட்பார்கள், அங்கே அந்த ஆய்வை நடத்த வேண்டியது கழிவை விடும் ஆலைதான். எனக்கு அது சரியாகவே படுகிறது.