ரான் வாஷிங்டன்: முட்டி போட வச்சு கத்துக்கொடுத்தவர்

பெரிய பிளேயரா இருந்தாதான் நல்ல கோச்சா வர முடியும்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா எனக்கு உடனே ரான் வாஷிங்டன் ஞாபகம்தான் வரும். அமெரிக்க பேஸ்பால் கோச் அவர், அந்த ஆட்டம் பாக்குறவங்களுக்கு "வாஷ்". பாக்காதவங்களுக்காக கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

நியூ ஆர்லியன்ஸ்காரர், 1952ல பொறந்தவர். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் டீம் ஃப்ளோரிடாவுல புதுசா ஒரு அகாடமி தொடங்குனப்போ அதுல சேர்ந்து வந்தவர். 1977 செப்டம்பர்ல டாட்ஜர்ஸ் டீமுக்கு 10 மேட்ச் ஆடுனாரு, அவ்ளோதான், மறுபடி மேஜர் லீக்ல, அதாவது அங்க உச்சத்துல இருக்குற லீக்ல, கால் வைக்க 1981 ஆயிடுச்சு, அதுவும் மினசோட்டாவுல. 1989ல ஹூஸ்டனோட ஆட்டம் முடிஞ்சப்போ மொத்தக் கணக்கு 564 மேட்ச், 20 ஹோம் ரன். ஸ்டார்னு யாரும் சொன்னதில்ல.

என் கருத்து என்னன்னா, அவர் நல்ல கோச்சா ஆனதுக்கு காரணமே இதுதான். கைவந்த கலையா ஆடுறவங்களுக்கு அது எப்படி வந்துச்சுன்னு பிரிச்சு சொல்லத் தெரியாது. டீம்ல இடம் நிக்குமா நிக்காதான்னு வருஷா வருஷம் பயந்துட்டு ஒவ்வொரு அடியையும் யோசிச்சு யோசிச்சு பழகுனவனுக்குத்தான் அடுத்தவன் எந்த இடத்துல தடுமாறுறான்னு கண்ணு பாக்கும்.

அவரோட டிரில் வீடியோவெல்லாம் தேடி பாருங்க, நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியல. கோடி கோடியா சம்பளம் வாங்குற பிளேயரை மேட்சுக்கு முன்னாடி புல்லுல முட்டி போட வச்சிருப்பாரு, கையில பெரிய கிளவ் கிடையாது, உள்ளங்கை அளவுல சின்னதா ஒண்ணு, சில அடி தூரத்துல இருந்து இவர் பந்தை தட்டி விட்டுட்டே இருப்பாரு, இடது பக்கம், வலது பக்கம், சரியா கை முன்னாடி குத்தி எழும்புற மாதிரி. முட்டி போட்டா கால் உதவிக்கு வராது, கை மட்டும்தான் வேலை செய்யணும். கிளவ் சின்னதா இருந்தா பந்து தானா போய் உள்ள உக்காராது, ரெண்டு கையையும் கொண்டு வந்து மெதுவா உள்வாங்கணும். இதை ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, சீசன் முழுக்க தினம் தினம்.

1996ல இருந்து ஓக்லண்ட்ல கோச். அங்க எரிக் சாவேஸ் மூணாவது பேஸ்ல (ரன் எடுக்க ஓடுறவங்க தொட வேண்டிய நாலு இடத்துல மூணாவது) ஃபீல்டரா ஆடி ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் அவார்டு வரிசையா 6 வாங்குனாரு, அதுல ஒண்ணை நீங்க இல்லாம இது இல்லன்னு எழுதி வாஷுக்கே கொடுத்துட்டாரு. முழங்கை போயி கேட்ச்சரா (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) எறிய முடியாம வந்த ஸ்காட் ஹாட்டபெர்க்கை 2002ல முதல் பேஸ்ல நிக்க வச்சு பழக்குனதும் இவர்தான்.

அப்புறம் 2007ல டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மேனேஜர், அதாவது டீமோட தலைமை கோச். இடையில பெரிய சறுக்கல், 2009ல கொக்கைன் டெஸ்ட்ல மாட்டுனாரு, தப்பை ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்றேன்னு போய் நின்னாரு, டீம் விடல. 2010, 2011 ரெண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் (அதுதான் ஃபைனல், ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும்) கூட்டிட்டு போனாரு. 2011 ஆறாவது மேட்ச்சை நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது, செயின்ட் லூயிஸ்ல ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தா, அதாவது எதிர் டீம் பேட்டர் இன்னும் ஒரே ஒரு பந்தை கோட்டை விட்டா, கப்புங்கற நிலைமை ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டும் கை நழுவிப் போச்சு, ஏழாவது மேட்ச்சும் போச்சு. 2014ல சொந்தக் காரணம்னு சொல்லி விலகிட்டாரு.

எனக்கு அவர் மேல மரியாதை கூடுனது அதுக்கு அப்புறம்தான். ரெண்டு தடவை ஃபைனல் பாத்த மேனேஜர், 2015ல திரும்ப ஓக்லண்டுக்கு சாதாரண கோச்சா வந்தாரு. அந்த வருஷம் 35 எரர் (ஃபீல்டிங் தப்பு) பண்ணி எல்லார் வாயிலயும் விழுந்துட்டு இருந்த ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்குற ஃபீல்டர்) மார்கஸ் செமியன், அந்தப் பையனோட தினம் மத்தியானம் மைதானத்துல போய் நின்னாரு. இந்தப் பையனுக்கு ஷார்ட்ஸ்டாப் ஒத்து வராதுன்னு தீர்ப்பு எழுதுனவங்க எத்தனை பேரு! அதே செமியன் 2021ல டொராண்டோவுக்கு ஆடி ரெண்டாவது பேஸ்ல கோல்டு கிளவ் வாங்குனாரு.

அதே 2021, நவம்பர் 2, ஹூஸ்டன். வாஷ் அப்போ அட்லாண்டா பிரேவ்ஸோட மூணாவது பேஸ் கோச், வயசு 69, இந்த விளையாட்டுல அரை நூற்றாண்டு போயிருந்துச்சு, கையில ஒரு வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் இல்ல. பிரேவ்ஸுக்கு 7-0 லீடு, கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், இன்னும் ஒரு அவுட் விழுந்தா கப். யூலி குரியேல் அடிச்ச பந்து தரையோட ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்டு வருது. அங்க நிக்கிறது டான்ஸ்பி ஸ்வான்சன், வாஷ் முன்னாடி வருஷக்கணக்கா முட்டி போட்டவர். எடுத்தாரு, முதல் பேஸ்ல ஃப்ரீமேனுக்கு எறிஞ்சாரு, முடிஞ்சுது.