ஃபிரேசியருக்கு உரியதைக் கொடுங்கள்

குத்துச்சண்டையின் தலைசிறந்த போட்டி எது என்ற பேச்சு வந்தால் நம்மவர்களில் பாதிப் பேர் கின்ஷாசா என்பார்கள், மீதிப் பேர் மணிலா என்பார்கள். இரண்டிலும் வென்றவர் முகமது அலி; கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனையும், மணிலாவில் ஜோ ஃபிரேசியரையும் வீழ்த்தினார். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த போட்டியை யாரும் முதலில் சொல்வதில்லை. அதில் அலி ஃபிரேசியரிடம் தோற்றார். அது பின்னுக்குப் போனதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். தோல்வியே கண்டிராத இரண்டு ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்கள் பதினைந்து சுற்றுகள் மோதினார்கள். கடைசிச் சுற்றை மட்டுமாவது பாருங்கள். அலியின் குத்துகளை வாங்கி வாங்கி ஜோ ஃபிரேசியரின் முகம் புடைத்திருக்கிறது. அந்த நிலையிலும் முன்னேறி வந்து, உடம்பின் முழுப் பலத்தையும் சேர்த்து ஓர் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) விடுகிறார். அலி மல்லாந்து விழுகிறார், கால்கள் மேலே போகின்றன. வேறு எவரும் அங்கேயே கிடந்திருப்பார். அலி சில நொடிகளில் எழுந்து நின்று சுற்றை முடித்தார். நடுவர்கள் மூவருமே ஃபிரேசியருக்குத்தான் தீர்ப்பளித்தார்கள்.

உடனே ஒரு பதில் வரும்: "அலி மூன்றரை ஆண்டு தடையில் இருந்தவர், பழைய வேகம் இல்லை." வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக அவரை ஒதுக்கியது பெரும் அநீதி, மறுக்கவில்லை. ஆனால் அதே ரசிகர்கள், மணிலாவில் ஃபிரேசியரின் இடது கண் ஏற்கெனவே மங்கியிருந்ததையும், வலது கண் வீங்கி மூடிக்கொண்டதையும் சொல்ல மாட்டார்கள். பதினான்காம் சுற்று முடிந்ததும் போட்டியை நிறுத்தியவர் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். ஃபிரேசியர் தானாக விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. ஃபிரேசியரை ஃபோர்மன் இரண்டே சுற்றில் வீழ்த்தினார், அந்த ஃபோர்மனை அலி வீழ்த்தினார், ஆகவே ஃபிரேசியர் அலிக்கு ஈடில்லையாம். அப்படியானால் கென் நார்ட்டனை என்ன செய்வது? 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்றவர் அவர். மறு ஆண்டே ஃபோர்மனிடம் இரண்டு சுற்றில் சுருண்டார். குத்துச்சண்டையில் இந்தக் கூட்டல் கழித்தல் செல்லாது. யாருடைய பாணி யாருக்கு ஒத்துவரும் என்பதுதான் கணக்கு.

நமக்கு அலி மேல் பாசம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1980இல் சென்னைக்கே வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியவர். எனக்கும் அந்தப் பாசம் குறைவில்லை. ஆனால் தடைக்காலத்தில் தனக்குப் பண உதவி செய்து, குத்துச்சண்டை உரிமம் திரும்பக் கிடைக்கப் பரிந்து பேசிய ஃபிரேசியரை அவர் "கொரில்லா" என்று ஊரறிய ஏசியதை என்னால் ரசிக்க முடியாது. அதை நகைச்சுவையாகப் பகிர்கிறவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. தென் கரோலினாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒரு கறுப்பரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. பள்ளியில் தன் பிள்ளைகள்கூடக் கேலிக்கு ஆளானதை ஃபிரேசியர் கடைசி வரை மறக்கவில்லை.

அவர் வாழ்ந்த ஃபிலடெல்பியாவில் சினிமாக் குத்துச்சண்டை வீரன் ஒருவனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிலை இருந்தது. ஃபிரேசியருக்குச் சிலை வந்தது 2015இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.