வளர்ப்புப் பிள்ளைக்குக் காப்பீட்டு அட்டை எந்த வீட்டுக் கணக்கில்?

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44-இன் கீழ் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்க்க (வளர்ப்புப் பராமரிப்பு என்பார்கள்) முன்வரும் குடும்பத்தை வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள். நிலையான வருமானம் உண்டா, இன்னொரு வாய்க்குச் சோறு போட முடியுமா, நோய் நொடி வந்தால் பார்த்துக்கொள்ள முடியுமா என்றெல்லாம் எழுதிக்கொண்டு போகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே குடும்பம் அந்தப் பிள்ளையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப் போனால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் பத்தாயிரம் ரூபாய். மணலியில் ஒருவர், பாரிமுனையில் ஒருவர் என்று இருவர் வேலைக்குப் போகும் வீடு இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். வசதி இருக்கிறது என்பதால் பிள்ளையைக் கொடுக்கிறார்கள், அதே வசதியால் பிள்ளைக்கு 5 லட்ச ரூபாய்க் காப்பீடு இல்லாமல் போகிறது. பிள்ளைக்கென்று தனியாக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. சட்டப்படி அது இன்னும் அந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை.

"மாதம் 4,000 ரூபாய் தருகிறார்களே" என்பார்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புப் பராமரிப்புக்கான தொகை அது. சாப்பாடு, துணி, பள்ளிச் செலவு, போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மருத்துவத்துக்கு என்று அதில் தனியாக எதுவும் ஒதுக்க முடியாது.

தொழிற்சாலை வேலை பார்க்கும் வீடுகளுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள், அயனாவரம் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். இ.எஸ்.ஐ.யில் பிள்ளை என்றால் பெற்ற பிள்ளையும் தத்தெடுத்த பிள்ளையும்தான். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை அதில் வராது. அக்கா இறந்துபோய் அவள் பிள்ளையைத் தங்கை வளர்த்தாலும் இதே நிலைதான். வளர்க்கும் குடும்பமே தத்தெடுக்க விரும்பினாலும், ஒன்றிய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளின்படி குறைந்தது இரண்டு ஆண்டு பிள்ளை அவர்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் காய்ச்சல் காத்திருக்காது.

வருமானம் வரம்புக்குள் இருக்கும் வீடுகளுக்கும் காகிதம்தான் பெரிய தடை. காப்பீட்டு அட்டைக்கு குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் வேண்டும். ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடும். பெற்றவர்களின் ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயர் இருந்தால், அங்கே நீக்காமல் இங்கே சேர்க்க முடியாது. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இறந்துபோன அப்பாவுடையதாக இருந்தால் ஓ.டி.பி. யாருக்கும் வராது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வரிசை முக்கியம். முதலில், பிள்ளையை இந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் குழந்தைகள் நலக் குழு தரும் ஒப்படைப்பு ஆணையில் நான்கைந்து நகல். பிறகு ஆதார் மையத்தில் கைபேசி எண் மாற்றம், புதுப்பிப்பு. அதன்பின் பழைய ரேஷன் அட்டையிலிருந்து பெயர் நீக்கல். புதிய அட்டையில் சேர்த்தல் அதற்குப் பிறகு. கடைசியாகத்தான் காப்பீட்டு மையம். இதை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும்.

அரசு மருத்துவமனை இலவசம்தானே என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஸ்டான்லியும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இல்லையென்றால் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கதியே இல்லை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் செலவு படுக்கையில் சேர்ந்தபின் மட்டும் வருவதில்லை. எண்ணூரிலோ மணலியிலோ இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குத்தான் ஓடுவார்கள். நெபுலைசர், ஊசி, மருந்து, ஆட்டோ எல்லாம் கைக்காசு. அட்டை கையில் இருந்தாலும் இப்படி வந்துபோகும் புறநோயாளிச் செலவுக்கு அது உதவாது.

இந்தச் செலவில் ஒரு பகுதி, ஒப்படைக்கும் நாளிலேயே தடுக்கக்கூடியது. குழந்தைகள் இல்லத்தில் இழுப்பு வராமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை இன்ஹேலரில் தடுப்பு மருந்து (பஃப்) எடுத்த பிள்ளை புதிய வீட்டுக்கு வரும்போது மருந்துச் சீட்டு கூட வராவிட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று பஃப் நின்றுவிடும். சில வாரங்களில் இழுப்பு திரும்பும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழல் இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும், நெஞ்சுக்குள் போகாது. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் அதைவிட ஆபத்து. அதனால் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் குடும்பம் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு மாத மருந்து, மருந்துச் சீட்டின் நகல், தடுப்பூசி அட்டை, கண், காது, பல், ரத்தசோகைப் பரிசோதனை முடிவுகள், பெற்றவர் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விவரம். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயதுக்கேற்ப விட்டதைப் போட்டுவிடுவார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. (தசைவிறைப்பு, தொண்டை அடைப்பான்) தடுப்பூசியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

மூளைவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளைமுடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் நிராமயா காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் வரை, புறநோயாளிச் செலவும் தெரபியும் சேர்த்து. பெற்றோர் அல்லாத சட்டப்படியான காப்பாளர் இருந்தால் பதிவுக் கட்டணம் கிடையாது. இங்கே ஒரு எச்சரிக்கை: வளர்ப்பு ஆணையும் காப்பாளர் ஆணையும் ஒன்றல்ல. ஒப்படைப்பு ஆணையை மட்டும் காட்டிக் கட்டண விலக்கு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

உறவினரிடம் வளரும் பிள்ளைகள் நிலையும் இதேதான். ஆயா வளர்த்தாலும் அத்தை வளர்த்தாலும், மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு நகரத்தில் வருமான வரம்பு ஆண்டுக்கு 96,000. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 2025-இல் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். அந்தப் பிள்ளைகளின் பட்டியல் அரசிடமே இருக்கும்போது, காப்பீட்டு அட்டையையும் அதோடு சேர்த்தே கொடுக்கலாமே.

வருமான வரம்பைத் தளர்த்துவது புதிதும் அல்ல. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வரம்பு பார்க்காமலேயே இந்தக் காப்பீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள், சரியான முடிவு. குழந்தைகள் நலக் குழு ஆணையிட்டு வீடுகளில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதே போல் ஓர் அரசாணை போதும். ரேஷன் அட்டையில் பெயர் இல்லாவிட்டாலும், ஒப்படைப்பு ஆணையின் பேரில் பிள்ளைக்குத் தனி அட்டை. அந்த அரசாணையில் இன்னொரு வரியும் வேண்டும்: திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு யார் சம்மதக் கையெழுத்துப் போடலாம் என்று. அந்த வரி இல்லாமல் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுக் கையெழுத்துக்காக அலைய நேரும்.

அதுவரை, வருமானம் சற்றே கூடுதலான குடும்பங்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒப்படைப்பு ஆணை நகல், பிள்ளையின் ஆதார், மருத்துவரின் பரிந்துரை மூன்றையும் இணைத்து, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு பிரதி. மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.