பெயர் மட்டும் மாறவில்லை
எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி (நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கணினியையும் கண்காணித்துக் காக்கும் மென்பொருள்) என்பது ஆன்டிவைரஸுக்கு வைத்த புதுப்பெயர்தான் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பழைய ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த வைரஸ் கோப்பைத்தான் தேடும். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒருவர் இன்வாய்ஸ் என்று வந்த வேர்டு கோப்பைத் திறந்தார். ஸ்கேனில் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் வேர்டு போய், விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல்லைக் கிளப்பியதுமே, எங்கள் எண்ட்பாயின்ட் மென்பொருள் அந்த ஒரு கணினியை மட்டும் நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டது. பக்கத்து மேசையில் வேலை நிற்கவே இல்லை. அப்புறம், எந்த மின்னஞ்சலில் தொடங்கியது என்பதையும் நிமிட வாரியாகப் பார்க்க முடிந்தது. அப்டேட் போட்டாலே போதும் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது மைக்ரோசாஃப்டின் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்ததே! அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. நூறு கணினிகளில் எதில் அப்டேட் விடுபட்டது என்று காட்டுவதையும் எண்ட்பாயின்ட் மென்பொருள்களில் பல செய்கின்றன.