சபை உதவியை முடிவு பண்ற ரூம்ல யார் உக்காந்திருக்கா?

சர்ச்ல கஷ்டப்படறவங்களுக்கு உதவின்னா பெரும்பாலும் என்ன நடக்குது, பாஸ்டரும் கமிட்டில நாலு பேரும் உக்காந்து யாருக்கு குடுக்கலாம் எவ்ளோ குடுக்கலாம்னு பேசி முடிக்கறாங்க, அந்த நாலு பேருமே நல்லா செட்டில் ஆனவங்க. வாடகை கட்ட வழியில்லாம தூக்கம் தொலைச்ச ஒருத்தர் கூட அந்த ரூம்ல இருக்க மாட்டாரு. எனக்கு இதுதான் உறுத்துது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. எருசலேம் சபைல தினமும் பந்திவிசாரணை, அதாவது ஏழைகளுக்கு சாப்பாடு பங்கிடறது நடக்குது, எபிரெயு பேசற யூதர்களோட விதவைகளுக்கு ஒழுங்கா கிடைக்குது, கிரேக்கு பேசற யூதர்களோட விதவைகள விட்டுடறாங்கன்னு முறுமுறுப்பு கெளம்புது. (சபை ஆரம்பிச்ச கொஞ்ச காலத்துலயே நம்மாளு வேத்தாளு வந்தாச்சு, அதையும் மறைக்காம எழுதி வச்சிருக்காங்க.) குடுக்கறத வாங்கிட்டு போங்கன்னு அப்போஸ்தலர்கள் யாரையும் அதட்டல. ஏழு பேரத் தெரிஞ்செடுங்கன்னு சொல்றாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா... ஏழும் கிரேக்கப் பேரு! அந்தக் காலத்துல எபிரெயு பேசற யூதர்களும் கிரேக்கப் பேரு வச்சுக்குவாங்க, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா குறை சொன்ன கூட்டத்து கையிலயே பொறுப்பக் குடுத்துட்டாங்கன்னுதான் நான் படிக்கறேன்.

ரூல்ஸே வேணாம்னு சொல்லல. 1 தீமோத்தேயு 5லயே விதவைகள் லிஸ்ட்டுக்கு அறுபது வயசுன்னு இருக்கு, சொந்தக்காரங்க இருந்தா அவங்கதான் மொதல்ல பாக்கணும்னும் இருக்கு.

மார்மன் சபைன்னு சொல்றாங்களே, அவங்க கொள்கைல எனக்கு ஒத்துவராதது நிறைய, ஆனா 1936ல பொருளாதார மந்தத்தப்ப அமெரிக்காவுல ஆரம்பிச்ச அவங்க உதவித் திட்டத்த கவனிக்கணும். மாசத்துல ஒரு ஞாயிறு ரெண்டு வேளை உபவாசம், அந்த சாப்பாட்டுக்கு ஆகற காசு ஏழைகளுக்கு. அவங்க பிஷப் சம்பளம் வாங்காம, தன் பொழப்பையும் பாத்துக்கிட்டே சபைய கவனிக்கற ஆளு, அவர் குடும்பத்தோட தனியா பேசி, பெரும்பாலும் கையில காசா குடுக்காம வாடகை பில்ல நேரா கட்டிடுவாரு, இல்லன்னா ஸ்டோர்ஹவுஸ்னு அவங்க சபை வச்சிருக்கற கிடங்குல சாமான் எடுத்துக்க சீட்டு எழுதிக் குடுப்பாரு. முடிஞ்சவங்க பதிலுக்கு ஏதாவது வேலை செய்யணும். மேடையில கூப்பிட்டு போட்டோ எடுக்கறது இல்ல பாருங்க, அது பெரிய விஷயம். ஆனா முடிவு ஒரே ஆள் கையில இருக்கறது எனக்குப் பிடிக்கல. அந்த ஆளுக்கும் நமக்கும் ஆகலன்னா?

கத்தோலிக்கர் பக்கம் வின்சென்ட் தெ பவுல் சபைன்னு ஏழைகளுக்கு உதவற சங்கம், 1833ல பாரிஸ்ல ஓசானாம்னு 20 வயசு ஸ்டூடண்டும் அவர் கூட்டாளிகளும் ஆரம்பிச்சது, இன்னைக்கும் வழக்கமா ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கே போய்ப் பாக்கறாங்க. ஆபீஸ் வாசல்ல வரிசைல நிக்க வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கணக்கும் முக்கியம். எருசலேம் ஏழைகளுக்கு காணிக்கை சேத்தப்ப யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு அப்போஸ்தலன் பவுலே கூட ஆள் சேத்துக்கிட்டாரு, 2 கொரிந்தியர் 8ல இருக்கு. எவ்ளோ வந்துச்சு, எத்தன குடும்பத்துக்கு போச்சு, இதெல்லாம் போர்டுல போடுங்க. பேரு மட்டும் வெளிய வரவே கூடாது.

உதவி வாங்கினவங்களையும் கமிட்டில சேருங்கன்னு சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், அவங்க தங்களுக்கே எடுத்துக்க மாட்டாங்களான்னு. அவங்க மனு வரும்போது அவங்க வெளிய போய் உக்காரட்டும், அவ்ளோதான். இந்த சந்தேகம் இப்ப இருக்கற நாலு பேர் மேல மட்டும் ஏன் நமக்கு வர்றதே இல்ல?